எல்லாரும் வந்தாச்சு

“சாப்ட்டயா கண்ணு?” என்று அந்த அம்மாள் கேட்டதுமே மங்கை உஷாராகிவிட்டாள். சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டதில் உஷாராக என்ன இருக்கிறது, இதென்ன கூத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறதுதான், கேட்டுவிட்டுப் பதிலைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விடுவார்கள். ஆனால் மங்கை வந்த இடம் அப்படி. அங்கே அதுதான் முதல் பாடம். அறந்தாங்கியிலிருந்து பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று கிளம்பியவளை, ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், முள்கம்பிச் சுவருக்குள்ளே ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்குத் தனி வரிசை. பின்னால் நடந்துகொண்டே இருந்த சூப்பர்வைசர் சொன்னான், உங்க ஆளுங்களுக்கு குட்மார்னிங் அனுப்பினா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான், சாப்டீங்களான்னு கேளுங்க, வேற எதுவும் வேணாம், தினம் அத மட்டும் கேளுங்க, ஒருநாள் அவனே உங்களக் கேப்பான் பாரு, நீங்க சாப்டீங்களான்னு, அன்னைக்கு விழுந்துட்டான்னு அர்த்தம். விழுந்தார்கள்தான். ரிட்டயர்டு வாத்தியார், பெண்டாட்டி செத்துப்போன மருந்துக்கடைக்காரர், கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறவர், எல்லோரும் சிங்கப்பூரில் தனியாக இருக்கிற ஒரு பணக்காரப் பெண்ணோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு மங்கையோடு பேசி, அவள் சொன்ன இடத்தில் பணத்தைக் கொட்டி, நடுத்தெருவுக்கு வந்தார்கள். செய்யாவிட்டால் அடி. அடித்து அடித்து இனிக்க இனிக்கப் பேசக் கற்றுக்கொடுத்த வித்தை அது. இப்போது சென்னையில், அரசு விருந்தினர் மாளிகையின் குளுகுளு அறையில், கனகவல்லி என்கிற இந்த அதிகாரி அதே கேள்வியைக் கேட்டு, தட்டையும் இவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார். இட்லி, வடை, மூன்று தினுசில் சட்னி. மங்கை சாப்பிட்டாள். பசி வேறு, சந்தேகம் வேறு.

சால்வை விஷயமும் அவளுக்குப் பிடிபடவில்லை. விமானத்திலிருந்து இறங்கிய ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு பூங்கொத்து. பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் சால்வை போர்த்தியதில்லை, கட்சிக்காரர்களுக்கும் பட்டிமன்றம் பேசுகிறவர்களுக்கும் போடுகிற சாமான் அது, ஜரிகை கழுத்தை அறுக்கிறது. போர்த்தியவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கேமரா எங்கே என்று பார்த்துக்கொண்டே போர்த்தினார். அங்கே கிளம்பும்போதும் போட்டோதான். முதலாளியின் ஆள் ஏழு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, புதுச் செருப்பு கொடுத்து, சுவரோரம் நிறுத்தி ஒரு போட்டோ. ஆற்றங்கரையில் அந்த ஊர்ப் பட்டாளத்துக்காரன் கையில் ஒப்படைக்கும்போது ஒன்று. பட்டாளத்துக்காரன் நம்ம ஆட்களிடம் ஒப்படைக்கும்போது இன்னொன்று. சந்தையில் மாடு கைமாறும்போது துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, அதே மாதிரி எல்லோரும் கைகொடுத்தார்கள், சிரித்தார்கள். மீட்டோம் மீட்டோம் என்கிறார்களே, யாரும் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லையே. அவன் கொடுத்தான், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சும்மா கொடுக்கிற ஆளா அவன்? வேனில் வரும்போது முன்சீட்டில் இருந்த மோகனசுந்தரம் செல்போனில் பேசியதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பாதி விளங்கியது. மோகனசுந்தரம் என்பவர் அமைச்சரின் மக்கள் தொடர்பு அதிகாரி, சிரித்தால் ஈறு தெரியும். ஏதோ வெளிநாட்டு அறிக்கை வந்ததாம், ஆள் கடத்தலைக் கண்டுகொள்ளாத நாடுகள் என்று தரம் பிரித்து நம்மை ஒரு படி கீழே தள்ளிவிட்டார்களாம். அமைச்சர் முதலில் இது உள்நோக்கம் கொண்டது என்றாராம். பிறகு எங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க இவர்கள் யார் என்றாராம். அதற்கப்புறம் வெளிநாட்டுக் குழு ஒன்று நேரிலேயே வரப்போகிறது என்றதும் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்து, அவசர அவசரமாக ஏழு பேரைக் கொண்டுவந்தாயிற்று. ஆக நாம மனுஷங்க இல்ல, பதில் அறிக்கை, என்று மங்கை நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் மோகனசுந்தரம் திரும்பிப் பார்ப்பார் என்று ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“ஒரு தடவ சொல்லிக் காட்டும்மா” என்றார் மோகனசுந்தரம், இன்று காலையில். ஏழு பேரில் அவளைத்தான் பேசத் தேர்ந்தெடுத்திருந்தார். உன் குரல் நம்பற மாதிரி இருக்கு என்றார், இதையேதான் சூப்பர்வைசரும் சொன்னான். அவள் சொல்லிக் காட்டினாள்: எங்களை மீட்டெடுத்த அமைச்சர் அய்யாவுக்கு நன்றி, எங்க ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு, அங்க இனிமே யாரும் பாக்கி இல்ல. “எல்லாரும்கிறதக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு” என்றார். எல்லாரும். அந்த இடத்தில்தான் அவள் ஒவ்வொரு தடவையும் தடுக்கி நின்றாள். எப்படி எல்லாரும்? ஜெபராணி வரவில்லையே. ஜெபராணி இவளுக்குப் பக்கத்து சீட்டு, பக்கத்துக் கட்டில், உடன்குடிக்காரி, பேச ஆரம்பித்தால் ஏ பிள்ள ஏ பிள்ள என்று ஓயமாட்டாள். அந்தக் கூடத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, எந்தக் கிழவனையும் ரெண்டே வாரத்தில் மகளே என்று கூப்பிட வைத்துவிடுவாள். மங்கைக்கு அது வராது, வாத்தியார் அழுதால் இவளும் சேர்ந்து அழுதுவிடுவாள், டார்கெட் நிரம்பாது, நிரம்பாதவர்களை வெயிலில் முட்டி போட வைப்பார்கள், அதற்கு மேலும் செய்வார்கள். ஜெபராணிதான் தன்னிடம் விழுந்த ஆட்களில் ஒன்றிரண்டை மங்கையின் பக்கம் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் காப்பாற்றினாள். நல்லா ஞாபகம் இருக்கிறது, தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், மூக்கை மட்டும் ஒரு சுழி சுழிப்பாள். அப்புறம் கடைசியில் என்ன ஆயிற்று அவளுக்கு? திடீரென்று நிறுத்திவிட்டாள். ஒன்றும் தரவில்லை. கேட்டால், எனக்கே இல்ல, நான் என்ன செய்ய, என்றாள். மங்கை வெயிலில் முட்டி போட்டாள், அடி வாங்கினாள், ராணியைப் பார்த்து அசிங்கமாகத் திட்டினாள், நீயும் அவனுங்க கூட சேந்துட்டல்ல என்றாள். ராணி கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் ஏழு பேரைக் கூப்பிட்டார்கள். ஏழு பேரும் டார்கெட் முடிக்காதவர்கள், காய்ச்சல்காரர்கள், கைக்கு உதவாதவர்கள். வேலைக்கு ஆகாததைத்தானே தூக்கிக் கொடுப்பான். ராணியை ஏன் கொடுக்கப்போகிறான், பொன்முட்டை வாத்தை. அப்படியானால் ராணிக்கு முன்னமே தெரியுமா? டார்கெட் நிரம்பாதவர்களைத்தான் கழித்து வெளியே விடப்போகிறார்கள் என்று சீனாக்கார முதலாளி பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினாளா, மங்கை எப்படியாவது கழிந்து போகட்டும் என்று? இல்லை, சும்மா தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்தினாளா? விமானத்தில் இதையே போட்டு உருட்டினாள், இப்போது இட்லியைப் பிட்டுக்கொண்டும் இதையேதான் உருட்டுகிறாள். கிளம்பும்போது ராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரியமாக இருந்தால் திரும்பிப் பார்க்கமாட்டாளா? திரும்பினால் அழுதுவிடுவோம் என்றுதான் பார்க்கவில்லையோ. ஒருத்தி நமக்கு நல்லது செய்தாளா கெட்டது செய்தாளா என்றுகூடத் தெரியாமல் அவளுக்காக உயிர் துடிக்கிறதே, இது என்ன பிழைப்பு.

கனகவல்லி மேடம் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரோட்டுப் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிகிறது. மோகனசுந்தரம் வெளியே போகும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கதவு மூடினதும் குரலைத் தணித்துக்கொண்டார். “கண்ணு, நீ பயப்படாமச் சொல்லோணும். உன்ற கூட இருந்தவங்க வேற ஆராவது அங்க இருக்காங்களா?” வாயைப் பிடுங்குகிறார் பார், என்று மங்கைக்குள் ஒருத்தி சொன்னாள். செல்போன் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. எதற்குக் கவிழ்க்கணும்? பதிவாகிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. கண்ணு என்பதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கையை ஏன் என் கைமேல் வைக்கணும், இதுவும் பாடத்தில் உண்டு, எழுத்தில்தான் செய்வோம், கையைப் பிடிச்சுக்கணும் போல இருக்கு என்று எழுதுவோம். “தெரியாது மேடம்” என்றாள். அந்த அம்மாள் விடவில்லை. அந்த அறிக்கைக்குப் பதில் இன்றைக்கு அமைச்சர் வாயிலிருந்து வரப்போகிறது, அங்கே ஒருத்தரும் இல்லை என்று ஒருதடவை அமைச்சர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அங்கே இருக்கிறவர்களுக்காக ஒரு போன்கூடப் பண்ண முடியாது, இல்லாத ஆளுக்கு எப்படி போன் பண்ணுவது, என்று பொறுமையாகச் சொன்னார். “ஒரே ஒரு பேர் இருந்தாப் போதும். நான் பாத்துக்கறேன்.” பேர். அதுதான் முள். பேரைச் சொல்வதா வேண்டாமா என்று ராணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா. கம்மத்துக்காரப் பையன் ஒருத்தன், தெலுங்கு வரிசையில் இருந்தான், அவன் அண்ணன் டிவியில் போய் தம்பி பேரைச் சொல்லி அழுதான், மறுநாளே பையனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார்கள், பின்கட்டுக்குப் போனவர்களை அப்புறம் யாரும் பார்த்ததில்லை. அதுவே கேரளாக்காரி ஒருத்தி, அவள் அம்மா டிவி டிவியாகப் போய் மகள் பேரைக் கத்தினாள், வம்பே வேண்டாம் என்று அவளைக் கொண்டுபோய் எல்லையில் விட்டுவிட்டார்கள். பேர் சொன்னதால் ஒருத்தன் போனான், பேர் சொன்னதால் ஒருத்தி வந்தாள். ராணிக்கு எது? முதலாளியின் ஆட்கள் எல்லா நாட்டு நியூஸும் பார்ப்பார்கள், அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே இந்த அம்மாளிடம் சொல்கிற பேர் அங்கே போய்ச் சேராது என்று என்ன நிச்சயம்? ஊரிலிருந்து தன்னை அனுப்பி வைத்த ஏஜெண்ட் ஒரு போலீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். “ஆரும் இல்லீங்களா?” என்று மறுபடி கேட்டார் கனகவல்லி. “தெரியாது மேடம். எனக்கு யாரோடயும் அவ்வளவு பழக்கம் இல்ல.” சொல்லிவிட்டு சாம்பார் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம் இல்லையாம். ஒரே போர்வையில் படுத்தவளை.

அந்த அம்மாள் எழுந்து வெளியே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை, பேச்சு அப்படியே உள்ளே வந்தது. எல்லாரும்னு போடாதீங்க சார், இன்னும் விசாரிக்கோணும், என்கிறது கனகவல்லியின் குரல். விசாரிச்சீங்களே, என்ன கெடச்சுது, என்கிறார் மோகனசுந்தரம், பேர் இருக்கா உங்ககிட்ட, ஒரு பேரு குடுங்க, நான் மாத்தறேன், இல்லாட்டி அந்த வெள்ளக்காரனுக்கு முன்னாடி அமைச்சர் மென்னு முழுங்கணுமா, தூக்கிடுவாங்க மேடம் நம்ம ரெண்டு பேரையும். தூக்கட்டும் சார், என்கிறது கனகவல்லியின் குரல். மங்கை கையைக் கழுவாமலே எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். சொல்லிவிடலாம், ஓடிப்போய் அந்தக் காதுக்குள் சொல்லிவிடலாம், ஜெபராணி, ரெண்டாவது மாடி, கம்பிக்கேட்டுப் பக்கத்துக் கூடம். கால் நின்றுவிட்டது. அங்கேயும் இப்படித்தானே. இரண்டு பேர் வெளியே நின்று இவர்கள் காதில் விழுகிற மாதிரி சண்டை போடுவார்கள், ஒருத்தன் அடிக்கணும் என்பான், ஒருத்தன் பாவம் விடு என்பான், பிறகு பாவம் என்றவன் உள்ளே வந்து தண்ணீர் கொடுப்பான், தண்ணீர் குடித்தவன் வீட்டு நம்பர் வரைக்கும் எல்லாவற்றையும் கக்கிவிடுவான். கதவு ஏன் சரியாகச் சாத்தவில்லை? ஏன் இங்கேயே நின்று பேசணும், இவ்வளவு பெரிய மாளிகையில் வேறு இடமா இல்லை? இது நாடகமாக இருந்தால் ராணி செத்தாள். இது நிஜமாக இருந்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அப்போதும் ராணி செத்தாள். தாழ்ப்பாளைத் தொட்டபடியே நின்றாள். எந்தக் குரல் உண்மைக்குரல் என்று கண்டுபிடிக்கிற காது ஒன்று அவளுக்கு முன்பு இருந்தது, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் யார் எதற்காக இளிக்கிறான் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள், அந்தக் காதை அங்கே பிடுங்கிக்கொண்டு வேறு காதை மாட்டி அனுப்பிவிட்டார்கள். இதற்கு எல்லாமே பொய்யாகத்தான் கேட்கிறது. வெளியே சைரன் கேட்டது, வராண்டாவில் செருப்புச் சத்தம் கூடியது, அமைச்சர் வந்துவிட்டார்.

கூட்டம் நடந்த ஹாலில் மேடையில் ஏழு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். முன்னால் மைக்குகள், அதற்குப் பின்னால் கேமராக்கள், ஓரத்தில் கோட்டுப் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்களும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு பெண்ணும். அமைச்சர் நல்ல உயரம், நிறையப் பவுடர், கும்பிட்டபடியே வந்தார். அவர் ஆரம்பித்தபோது மங்கைக்கு முதலில் ஒன்றும் காதில் ஏறவில்லை, கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்ற கனகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகம் செத்தமுகமாக இருந்தது. நடிக்கிறதா? யாருக்காக நடிக்கணும், கேமராக்கள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்க, சுவருக்காகவா? அப்போதுதான் அமைச்சரின் குரல் ஏறியது. சில நாட்டுக்காரர்கள் நமக்குப் பாடம் நடத்த வருகிறார்கள், அவர்களுக்கு இதுதான் எங்கள் பதில், இந்த ஏழு பிள்ளைகள்தான் எங்கள் பதில். எங்கள் மக்களில் ஒருவர்கூட இனி அங்கே இல்லை. அப்படியும் யாராவது இருப்பதாகச் சொன்னால், அவர்கள் விரும்பிப் போனவர்கள், மோசடிக் கும்பலின் கூட்டாளிகள், அவர்களைக் குற்றவாளிகளாகத்தான் இந்த அரசு பார்க்கும். கைதட்டினார்கள். மங்கை தட்டவில்லை. குற்றவாளி. எல்லாரையும் விட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவள் ராணிதான், அப்படியானால் பெரிய குற்றவாளியும் ராணிதான். நாளைக்கே அவள் எகிறிக் குதித்துத் தப்பி வந்தாலும் இங்கே ஏர்போர்ட்டில் சால்வை இல்லை, விலங்குதான். கனகவல்லி சொன்னது இதைத்தான். வேறெதையும் சொல்லவில்லை, இதைத்தான், இதை மட்டும்தான், கையைப் பிடித்துக்கொண்டு. தப்புப் பண்ணிட்டேன் என்று மங்கை தன் நகத்தைப் பார்த்துச் சொன்னாள். மோகனசுந்தரம் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து, எல்லா ஈறும் தெரியச் சிரித்து, பேசும்மா என்றார்.

எழுந்தாள். இப்போது கத்தினால் என்ன ஆகும், ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று கத்தினால்? பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்பார்கள், மைக்கைப் பிடுங்குவார்கள், பத்து நிமிஷத்தில் மறந்துபோவார்கள், அங்கே மட்டும் மறக்கமாட்டார்கள். மிரட்டினால் மீன் ஓடிவிடும் என்பான் சூப்பர்வைசர், பாவி, அவன் சொன்னதெல்லாம் வாழ்க்கையில் இப்படியா உதவணும். அவள் தெருவில் தண்ணீர்த் தொட்டி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் என்றால், தொட்டி கட்டித்தந்த கவுன்சிலருக்கு நன்றி என்று ஊர் முழுக்க போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள், தொட்டிக்குச் செங்கல்கூட வரவில்லை அப்போது. கவுன்சிலர் என்ன செய்வார், நன்றியை வாங்கிக்கொண்டு எப்படி இல்லை என்பார். கட்டினார். மங்கை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கள மீட்டுக் கொண்டாந்த அமைச்சர் அய்யாவுக்குக் கோடி நன்றி என்றாள். எனக்கு அப்பா இல்ல, இருந்திருந்தா இப்படித்தான் அலைஞ்சு திரிஞ்சு கூட்டியாந்திருப்பாரு என்றாள். நிறுத்தினாள். எங்கே நிறுத்தணும் என்று அவளுக்குத் தெரியும். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், வெள்ளைக்காரர் எழுதினார், ஹால் முழுக்க இளகிப்போய் உட்கார்ந்திருந்தது. “இன்னொரு நன்றியும் சொல்லணுங்க. என்கூட இருந்த ஜெபராணி, உடன்குடிப் பொண்ணு, இன்னும் அங்கதான் இருக்கு. அடிச்சு உக்கார வெச்சிருக்காங்க. எப்பாடு பட்டாவது அதையும் கூட்டியாந்து அது அம்மா கையில ஒப்படைக்கிறேன்னு இப்பத்தான் உள்ள வெச்சு அய்யா எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. பாதுகாப்புக்காக அத வெளிய சொல்ல வேணாம்னாங்க, என் மனசு கேக்கல. அந்த அம்மாவுக்கும் சேத்து நான் நன்றி சொல்லிக்கிறேன்.” சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டுப் போய் அமைச்சரின் காலில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தாள். அமைச்சர் அவளை உள்ளே வைத்துப் பார்த்ததே கிடையாது. ஆனால் காலில் விழுந்து கிடக்கிற பெண்ணை, இத்தனை கேமராவுக்கு முன்னால், யாரம்மா நீ என்று கேட்க முடியுமா. அவள் தலைமேல் ஒரு கை வந்தது. காதில் மாட்டியிருந்த பெண் வெள்ளைக்காரர் காதில் கிசுகிசுவென்று அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். “எழுந்திரும்மா” என்றார் அமைச்சர், தொண்டையைச் செருமினார், “ஆமாம், அந்தப் பொண்ணு விஷயத்தைப் பாதுகாப்புக் காரணமா நான் வெளியில சொல்லல. வந்துரும். கூடிய சீக்கிரம் வந்துரும்.” தூக்கிவிடும்போது அவள் தோளை அழுத்திய விரல்கள் தோளைத் துளைத்துவிடும் போல இருந்தன.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். பின்வாசல், வேன், கதவைச் சாத்திய சத்தம். மோகனசுந்தரத்தின் முகத்தில் ஈறு தெரியவில்லை. “யாரு உனக்கு அப்படிச் சொன்னது? அமைச்சர் எப்ப உன்ன உள்ள வெச்சுப் பாத்தாரு? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?” மங்கை வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து கனகவல்லியின் குரல், சாதாரணமாக, பால் கணக்குச் சொல்கிற மாதிரி வந்தது. “நாந்தாஞ் சொன்னேன் சார். நாந்தாஞ் சொல்லிக் குடுத்தேன்.” மோகனசுந்தரம் அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தார், உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு எவ்வளவு நாள் இருக்கு என்றார், பதில் கேட்காமல் செல்போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மங்கை திரும்பிப் பார்த்தாள். கனகவல்லி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதுவும் பாடமாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு அப்போதும் எட்டிப் பார்த்தது, வெட்கங்கெட்ட நினைப்பு. “மூணு தடவ கேட்டேனே கண்ணு” என்றார் அந்த அம்மாள், அவ்வளவுதான் சொன்னார். மங்கைக்கு அழுகை வந்தது. பேரை இந்த அம்மாளின் காதில் சொல்லியிருந்தால் காதோடு போயிருக்கும், போனில் முடிந்திருக்கும். இப்போது உலகத்துக்கே போட்டு உடைத்தாயிற்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்நேரம் எவனாவது பார்த்திருப்பான். ராணியை எழுப்பி நிறுத்தியிருப்பானா? பின்கட்டுப் பக்கமா, வாசல் கேட்டுப் பக்கமா? அமைச்சர் வாக்குக் கொடுத்த பெண் என்றால் விலை ஏற்றி வைப்பானா, வம்பு வேண்டாம் என்று விடுவானா? கம்மத்துப் பையனா, கேரளாக்காரியா? பொய்யாய் ஒரு வாக்கைச் சொல்லிக் கட்டிப்போட்டுவிட்டாள், அந்தக் கட்டு அமைச்சர் கழுத்தில் விழுந்ததா ராணி கழுத்தில் விழுந்ததா என்று மட்டும் தெரியவில்லை.

வேன் கிளம்பாமலே நின்று வெகுநேரமான பிறகு ஜன்னலைத் தட்டினார்கள். டிவிக்காரப் பையன், மூச்சிரைக்க நின்றான், கையில் செல்போன். உடன்குடியில் எங்க ரிப்போர்ட்டர் அவங்க வீட்டுக்கே போயிட்டாரு, அந்தப் பொண்ணோட அம்மா லைன்ல இருக்காங்க, உங்ககிட்டத்தான் பேசணுமாம் என்றான். கனகவல்லி வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் மங்கை வாங்கிக் காதில் வைத்துவிட்டாள். ராணியின் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள், எங்கம்மை எங்கம்மை என்று ராணி புலம்பாத நாள் கிடையாது. மறுமுனையில் நிறையப் பேர் பேசுகிற சத்தம், நடுவே ஒரு கிழக்குரல். “மங்கைதானே தாயி? டிவியில பாத்தேன். எம்மவ வாராளாம்லா?” மங்கை ஆமாம்மா என்றாள். “இங்கன போலீஸ் டேசன்ல போயி எத்தன மட்டம் அழுதேன், ஒம்மவ இஷ்டப்பட்டுத்தான போனாண்ணு வெரட்டி வுட்டுட்டாவ. அந்த மந்திரி சொன்னதெல்லாம் நான் நம்பல தாயி. அவிய ஆயிரம் சொல்லுவாவ. ஒன் மூஞ்சியப் பாத்துதான் நம்புனேன். நீ கூட இருந்து பாத்துட்டு வந்தவல்லா. நீ சொல்லு, வந்துருவால்லா?” கனகவல்லி மங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துருவாம்மா” என்றாள் மங்கை. “நீங்க தைரியமா இருங்க.” குரலில் ஒரு துளி பிசிறு இல்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.